பெட் வாங்கும் முன் கொஞ்சம் வரலாறு: மூதூர் மேசைப்பந்து நண்பர்களுக்காக



பதிவு கொஞ்சம் நீளம். தேநீரோடு ஆறுதலாக இருந்து வாசியுங்கள். மேசைப்பந்து விளையாடாதவர்களும் வாசிக்கலாம், பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க உதவும்.

இஷாவுக்குப் பிறகு நாங்கள் சிலர் மேசைப்பந்து விளையாடுவது ஊரில் பலருக்குத் தெரியும். ஆசிரியர்கள், இரண்டு கடைக்காரர்கள், ஒரு மீன் வியாபாரி, ஓர் ஓட்டோக்காரக் காக்கா. எல்லோரும் நாற்பதைத் தாண்டியவர்கள். பாதிப் பேருக்குச் சீனி வருத்தம். "நடங்க, ஓடுங்க" என்று கிளினிக்கில் சொன்னதைக் கேட்டு நடக்கப் போய், சலித்து, கடைசியில் இந்த மேசைக்கு வந்து சேர்ந்தோம். தொடக்கத்தில் பந்தை மேசையில் போடவே தெரியாது. இப்போது பத்துப் பதினைந்து தடவை பந்து இங்கும் அங்கும் போய் வருகிறது. ஆரம்பக்காரர் என்ற நிலை தாண்டியாயிற்று, வீரர் என்று சொல்ல இன்னும் காலமிருக்கிறது.

இந்த இடத்தில்தான் எல்லோருக்கும் ஓர் ஆசை வரும்: "நல்ல பெட் ஒன்று வாங்கினால் இன்னும் முன்னேறலாமே!" எங்களுக்கும் வந்தது. அதனால் ஒரு பிழையும் செய்தோம். அதைச் சொல்லாமல் இந்தப் பதிவை எழுதுவது நேர்மையில்லை.

எங்கள் ஓட்டோக்காரக் காக்கா ஒரு நாள் கேட்டார், "சேர், மருமகன் கட்டாரில இருந்து வாறான். என்ன பெட் கொண்டு வரச் சொல்ல?" நாங்கள் யூடியூப்பில் பார்த்ததை வைத்து, கார்பன் கலந்த மரம், ஆகத் தடித்த இறப்பர் என்று பெரிதாக எழுதிக் கொடுத்தோம். மருமகன் பாவம், நல்ல காசு கொடுத்து வாங்கி வந்தார். அன்றிரவு காக்கா அடித்த பந்தெல்லாம் மேசையைத் தாண்டிச் சுவரில் பட்டது. நாங்கள் சிரித்தோம். அடுத்த நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள், "பந்து மேசையில நிக்குதில்ல சேர், இது நமக்குச் சரிவராது" என்று சொல்லிவிட்டுப் போனவர் மூன்று கிழமை வரவில்லை.

அவருக்கு விளையாட்டு வராமல் போகவில்லை. பிழையான சாமானை வாங்க வைத்தவர்கள் நாங்கள். அதன் பிறகுதான் ஒழுங்காகத் தேடி வாசித்தோம். இந்த பெட் எப்படி இன்றைய நிலைக்கு வந்தது என்று தெரிந்தபோது, எதை வாங்க வேண்டும், எதை வாங்கக் கூடாது என்பதும் தானாகவே விளங்கியது. அதை உங்களோடு பகிர்கிறோம்.

*இரவுச் சாப்பாட்டு மேசையில் தொடங்கிய விளையாட்டு*

மேசைப்பந்து 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தில், வசதியானவர்களின் வீடுகளில், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பொழுதுபோக்காகத் தொடங்கியது. அக்கால பெட் தோலால் மூடிய சின்ன றபான் போல இருந்தது. பந்து பட்டால் 'பிங்' என்று சத்தம் வரும். 1900ஆம் ஆண்டளவில் செலுலொயிட் பந்து வந்த பிறகு விளையாட்டு வேகமெடுத்தது.

1902இல் ஈ.சி. குட் என்ற ஆங்கிலேயர், சின்னச் சின்னக் குமிழ்கள் உள்ள இறப்பரை மரப் பலகையில் ஒட்டி விளையாடினார். மருந்துக் கடையில் சில்லறைக் காசு வைக்கும் இறப்பர் விரிப்பைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த யோசனை வந்தது என்று ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, வெறும் மரத்தில் வழுக்கிய பந்து இறப்பரில் பிடித்தது. பந்தைச் சுழற்ற முடிந்தது.

இறப்பர் என்றதும் நமது நாட்டையும் சொல்ல வேண்டும். பிரேசிலில் இருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குப் போன இறப்பர் விதைகளில் முளைத்த கன்றுகள், 1876இல் இலங்கைக்கு அனுப்பப்பட்டு கம்பஹாவுக்கு அருகே ஹெனரத்கொடையில் நடப்பட்டன. ஆசியாவின் இறப்பர் தோட்டங்களுக்கு அதுவே தொடக்கம் என்று நாம் வகுப்பில் படிப்பிக்கிறோம்.

1926இல் சர்வதேச மேசைப்பந்துச் சம்மேளனம் உருவானது. அதே வருடம் டிசம்பரில் லண்டனில் முதலாவது உலகப் போட்டி. ஆண்கள் குழுப் போட்டியில் ஹங்கேரி முதலிடம், ஒஸ்திரியா இரண்டாமிடம். மூன்றாமிடத்தை இங்கிலாந்தோடு பகிர்ந்து கொண்டது இந்தியா. அந்த இந்திய அணியில் ஹசன் அலி ஃபைஸி, அத்ஹர் அலி ஃபைஸி ஆகியோரோடு சுப்பையா என்பவரும் இருந்தார். இந்த விளையாட்டின் முதல் பக்கத்திலேயே நமது பக்கத்து மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதை எங்கள் மாணவர்கள் தெரிந்து கொள்ள வேண்டும்.

*இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு புள்ளி*

குமிழ் இறப்பர் பெட்டில் அடிப்பதை விடத் தடுப்பது இலகு. வலையும் அப்போது இன்றையதை விட உயரம். 1936இல் பிராக் நகரில் நடந்த உலகப் போட்டியில் போலந்தின் ஏர்லிக்கும் ருமேனியாவின் பானெத்தும் ஆடியபோது, முதல் புள்ளி முடியவே இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் சென்றது! இருவரும் தள்ளிக் கொண்டே இருந்தார்கள். இப்படியே போனால் பார்க்க ஆளிருக்காது என்று, அதற்குப் பிறகு வலையின் உயரத்தை 15.25 சென்ரிமீற்றராகக் குறைத்தார்கள். இன்றும் அதுதான் உயரம்.

இதில் எங்களுக்கு ஒரு செய்தி இருக்கிறது. மெதுவான பெட்டால் யாரும் விளையாட்டைக் கற்க முடியாமல் போகவில்லை. மாறாக, பந்தை மேசையில் வைத்திருக்கும் கலையை அந்தத் தலைமுறை முழுமையாகக் கற்றது. எங்களுக்கு இன்னும் வராத கலை அதுதான்.

*1952 பம்பாய்: சத்தமில்லாத பெட்*

இனி வருவதுதான் முக்கியமான இடம். 1952 பெப்ரவரியில் உலக மேசைப்பந்துப் போட்டி முதன்முறையாக ஆசியாவுக்கு வந்தது. நடந்த இடம் பம்பாய். ஜப்பான் உலகப் போட்டிக்கு வந்ததும் அதுவே முதல் தடவை. அந்த அணியில் ஹிரோஜி சாத்தோ என்று மூக்குக் கண்ணாடி போட்ட மெலிந்த ஒருவர் இருந்தார். அவருடைய பெட்டில் குமிழ் இறப்பர் இல்லை. மெத்தைக்குள் வைப்பது போன்ற தடித்த ஸ்பொஞ்சை மரத்தில் ஒட்டியிருந்தார்.

பந்து பட்டால் சத்தமே வராது. அதுவரை விளையாடியவர்கள் எதிராளியின் பெட்டில் வரும் 'டக்' என்ற சத்தத்தைக் கேட்டே பந்தின் வேகத்தைக் கணித்துப் பழகியவர்கள். சாத்தோ அடித்தால் காதுக்கு ஒன்றும் எட்டாது. பந்து ஸ்பொஞ்சுக்குள் புதைந்து கவணில் இருந்து வருவது போல எகிறி வரும். அமெரிக்காவின் மார்ட்டி ரைஸ்மன் போன்ற பெயர் பெற்ற வீரர்களே தோற்றார்கள். இறுதிப் போட்டியில் ஹங்கேரியின் கோசியானை வென்று சாத்தோ உலகச் சம்பியனானார். அந்தப் போட்டியின் ஏழு பட்டங்களில் நான்கை ஜப்பான் எடுத்துச் சென்றது.

இந்தக் கதையைக் கேட்டால், "பார்த்தீர்களா, பெட்தான் எல்லாம்!" என்று தோன்றும். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். ஆனால் கதை அங்கே முடியவில்லை. சாத்தோ அதன் பிறகு ஒருபோதும் உலகப் பட்டம் வெல்லவில்லை. புதுமை பழகியதும் மற்றவர்கள் அதற்கு வழி கண்டுபிடித்தார்கள். அடுத்து வந்த ஜப்பானியர் இச்சிரோ ஒகிமுரா 1954இலும் 1956இலும் உலகச் சம்பியனானார். அவரும் ஸ்பொஞ்சு பெட்தான் வைத்திருந்தார். ஆனால் கடுமையான கால் பயிற்சிக்கும் ஓயாத உழைப்புக்கும் பெயர் பெற்றவர் அவர். பிற்காலத்தில் சர்வதேசச் சம்மேளனத்தின் தலைவராகவும் இருந்தார். சாமான் ஒரு தடவை வெற்றி தரலாம். நின்று நிலைக்கப் பயிற்சி வேண்டும்.

*1959: அளவுகோல் வந்தது*

பம்பாய்க்குப் பிறகு ஆளுக்கொரு ஸ்பொஞ்சு, ஆளுக்கொரு தடிப்பு என்று குழப்பமாகியது. 1959இல் சம்மேளனம் விதி வகுத்தது. வெறும் ஸ்பொஞ்சு கூடாது. குமிழ் இறப்பர் மட்டும் என்றால் பசையோடு 2 மில்லிமீற்றருக்குள். ஸ்பொஞ்சும் இறப்பரும் சேர்ந்தது என்றால் பசையோடு 4 மில்லிமீற்றருக்குள். இன்று நாம் வாங்கும் எல்லா பெட்டும் இந்த விதியின் பிள்ளைகள்தான்.

குமிழ்களை உள்பக்கம் திருப்பி, வழவழப்பான பக்கத்தை வெளியே வைத்து, அடியில் ஸ்பொஞ்சு ஒட்டியதுதான் இன்றைய சாதாரண இறப்பர். பந்தைப் பிடித்துச் சுழற்ற அது சிறந்தது. 1960களின் பிற்பகுதியில் ஜப்பானியக் கம்பனிகளான பட்டர்ப்ளையின் 'ஸ்ரைவர்', யசாகாவின் 'மார்க் வி' ஆகிய இறப்பர்கள் வந்தன. பல தலைமுறை வீரர்கள் அவற்றில்தான் பழகினார்கள்.

*ஏமாற்றும் இறப்பரும் இரண்டு நிறமும்*

பெட்டின் ஒரு பக்கம் ஏன் கறுப்பு, மறுபக்கம் ஏன் சிவப்பு என்று மாணவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். காரணம் சுவையானது. 1970களில் சிலர் ஒரு பக்கத்தில் பந்தைச் சுழற்றும் இறப்பரும், மறுபக்கத்தில் சுழற்சியே ஏறாத இறப்பரும் ஒட்டினார்கள். சிலர் நீண்ட குமிழ் ஒட்டினார்கள். அதில் எதிராளியின் சுழற்சி தலைகீழாகத் திரும்பி வரும். இரண்டு பக்கமும் ஒரே நிறம். கைக்குள் பெட்டைத் திருப்பித் திருப்பி அடித்தால் எந்தப் பக்கத்தில் பந்து பட்டது என்று எதிராளிக்குத் தெரியாது. சத்தத்தை வைத்தாவது பிடிக்கலாம் என்றால், சேர்விஸ் போடும்போது காலை ஓங்கி நிலத்தில் உதைத்து அதையும் மறைத்தார்கள்! இதற்கு முடிவு கட்டவே இரண்டு நிறம் என்ற விதி வந்தது. 1986 முதல் ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் சிவப்பு. 2021 ஒக்டோபர் முதல் சிவப்புக்குப் பதிலாக நீலம், பச்சை போன்ற நிறங்களும் அனுமதிக்கப்படுகின்றன.

இந்த வகை இறப்பர்கள் இன்றும் சட்டப்படியானவைதான். 2018 பொதுநலவாய விளையாட்டில் தனிநபர் தங்கம் வென்ற இந்தியாவின் மனிக்கா பத்ரா குமிழ் இறப்பர் பாவிப்பவர். 2024இல் பூசான் நகரில் உலக முதல்நிலை வீராங்கனை சுன் யிங்ஷாவைத் தோற்கடித்த ஐஹிக்கா முகர்ஜி, சுழற்சி ஏறாத இறப்பர் பாவிப்பவர். அதைப் பார்த்து எங்களில் ஒருவரும் நீண்ட குமிழ் வாங்கினார். இரண்டு கிழமை எங்களையெல்லாம் வென்றார். பிறகு நாங்கள் பழகிக் கொண்டோம். இப்போது அவருடைய சொந்த அடியே குழம்பிப் போய் நிற்கிறது. பம்பாயின் கதை மூதூரிலும் நடந்தது என்று சொல்லிச் சிரிக்கிறோம். அந்த வீராங்கனைகள் அடிப்படையைப் பல வருடம் பழகிய பிறகு அந்த இறப்பரை ஆயுதமாக்கியவர்கள். எங்களுக்கு அடிப்படையே இன்னும் பழக்கத்தில் இருக்கிறது.

*சைக்கிள் சொலுஷன்*

இன்னொரு கதை. 1970களில் ஐரோப்பிய வீரர்கள் சைக்கிள் டியூப் பஞ்சர் ஒட்டும் சொலுஷனை பெட்டுக்குப் பூசினால் ஸ்பொஞ்சு விரிந்து பந்து பறக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். போட்டிக்கு முன் எல்லோரும் அந்தப் பசையை ஒட்டுவதே வழக்கமாயிற்று. அதன் புகை உடம்புக்குக் கேடு என்பதால் 2008 செப்டெம்பர் முதல் தடை. நமது ஊரில் யாராவது இறப்பர் கழன்றால் அந்தச் சொலுஷனை எடுப்பது வழக்கம். தயவு செய்து வேண்டாம். தண்ணீரில் கரையும் பசை கிடைக்கிறது, அதுவே போதும்.

பந்தும் மாறியது. 2000 ஒக்டோபரில் 38 மில்லிமீற்றர் பந்து 40 ஆனது. 2001இல் 21 புள்ளி ஆட்டம் 11 ஆனது. 2014இல் செலுலொயிட் போய் பிளாஸ்டிக் வந்தது. வேகத்தையும் சுழற்சியையும் கொஞ்சம் குறைத்து, ஆட்டத்தைக் கண்ணால் பார்க்கக் கூடியதாக்க வேண்டும் என்பதே பெரிய பந்தின் நோக்கம்.

*அப்படியென்றால் நாம் எதை வாங்குவது?*

இத்தனை வருட வரலாற்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று விளங்குகிறது. வேகமான சாமான்கள் எல்லாம், ஏற்கனவே பந்தைக் கட்டுப்படுத்தத் தெரிந்தவர்கள் இன்னும் கொஞ்சம் கூட்டி எடுப்பதற்காக உருவானவை. கற்கும் நிலையில் இருப்பவருக்கு வேண்டியது, தான் செய்த பிழையைத் தனக்கே சொல்லிக் கொடுக்கும் பெட். எங்கள் அனுபவத்தில்:

1. மரம்: ஐந்து அடுக்கு, முழுவதும் மரம், 'ஓல்ரவுண்ட்' என்று குறிக்கப்பட்டது. கார்பன் இப்போது வேண்டாம். விதிப்படி கார்பன் பெட்டிலும் தடிப்பில் 85 சதவீதம் மரமாகவே இருக்க வேண்டும். மீதிச் சின்னப் படைதான் காக்காவின் பந்தைச் சுவரில் கொண்டு போய் அடித்தது.

2. இறப்பர்: இரண்டு பக்கமும் ஒரே வகை, வழவழப்பான பக்கம் வெளியே உள்ளது. ஸ்பொஞ்சு 1.5 முதல் 1.8 மில்லிமீற்றர். பெட்டியில் 'மெக்ஸ்' என்று இருந்தால் அது ஆகத் தடித்தது. அதை வைத்துவிடுங்கள்.

3. கைபிடி: கையில் பிடித்துப் பார்த்து வாங்குங்கள். மரமும் இறப்பரும் சேர்ந்து 170, 180 கிராம் அளவில் இருந்தால் எங்கள் வயதுத் தோள்பட்டைக்கு நல்லது.

4. கடையில் ஒட்டியே விற்கும் பெட்: மோசமில்லை. ஆனால் ஒரு சோதனை செய்யுங்கள். பந்தை இறப்பரில் வைத்து உள்ளங்கையால் அழுத்தி உருட்டுங்கள். பிடித்து உருண்டால் சரி. வழுக்கினால் அது விளையாட்டுச் சாமான் அல்ல, பொம்மை. சம்மேளனத்தின் அங்கீகாரக் குறி இறப்பரின் கைபிடிப் பக்கத்தில் அச்சிட்டிருக்கும், அதையும் பாருங்கள்.

5. பந்து: பெட்டில் மிச்சம் பிடிக்கும் காசுக்குப் பயிற்சிப் பந்து நிறைய வாங்குங்கள். ஒரு பந்தை வைத்துக் கொண்டு குனிந்து எடுப்பதிலேயே எங்கள் அரை மணித்தியாலம் போனது. ஒரு வாளிப் பந்து இருந்தால் சேர்விஸ் மட்டும் தனியாகப் பழகலாம்.

6. பராமரிப்பு: நமது ஊரில் கடற்காற்று, உப்பு, வெயில் மூன்றும் உண்டு. மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் பெட்டை வைத்துவிட்டு லுஹருக்குப் போனால் இறப்பர் வெந்துவிடும். விளையாடி முடிந்ததும் ஈரத் துணியால் துடைத்து, காய்ந்த பின் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டி, உறைக்குள் வையுங்கள்.

*மேசையைப் பற்றி*

நாற்பதைத் தாண்டியவர்களுக்கு ஞாபகமிருக்கும். பாலங்கள் வருமுன் திருகோணமலைக்குப் போய் ஒரு பந்து வாங்குவதென்றாலும் கொட்டியாரக் குடாவை லோஞ்சில் கடக்க வேண்டும். அப்போது எங்களிடம் இருந்தது ஒரே ஒரு மேசை. 2006 ஓகஸ்டில் ஊரே இடம்பெயர்ந்து கந்தளாய்க்குப் போய்த் திரும்பி வந்தபோது, அந்த மேசை மழையில் ஊறி உப்பிப் போயிருந்தது. அதைப் பற்றிக் கவலைப்படும் நிலையில் அன்று யாரும் இருக்கவில்லை. அதன் பிறகு பல வருடம் ஊரில் பெரியவர்கள் யாரும் பெட்டைத் தொட்டதாக எங்களுக்கு ஞாபகமில்லை.

இப்போதுள்ள மேசையும் ஒரு பக்கம் தாழ்ந்துவிட்டது. புதிதாக வாங்குவது எங்கள் சக்திக்கு மீறியது. ஆனால் அளவு எல்லோருக்கும் தெரிந்ததுதான்: நீளம் 274, அகலம் 152.5, உயரம் 76 சென்ரிமீற்றர். நமது ஊர் மேசன், தச்சு வேலைக்காரர்கள் செய்யாத வேலையா? நல்ல தடித்த பலகையும், மினுங்காத கரும் நிறப் பெயின்டும் போதும். சரியாக வந்ததா என்று பார்க்க ஓர் இலகுவான சோதனை விதியிலேயே இருக்கிறது: 30 சென்ரிமீற்றர் உயரத்தில் இருந்து பந்தை விட்டால், மேசையின் எந்த இடத்திலும் ஏறக்குறைய 23 சென்ரிமீற்றர் எழும்ப வேண்டும். விஞ்ஞான பாடம் படிக்கும் பிள்ளைகளை அடிமட்டத்தோடு அனுப்பினால் அவர்களே பார்த்துச் சொல்வார்கள்.

*காக்கா என்ன ஆனார்?*

நாங்கள் நான்கு பேர் அவர் வீட்டுக்குப் போனோம். "காக்கா, பிழை எங்களுடையது" என்று சொன்னோம். அவர் சிரித்துவிட்டு, "நான் வயசு போயிட்டுது எண்டு நினைச்சன்" என்றார். அந்த ஒரு வார்த்தை எங்களைக் குத்திவிட்டது. தவறான பெட் ஒன்று, ஒரு மனிதனுக்குத் தன் உடம்பின் மேலேயே நம்பிக்கையில்லாமல் செய்திருக்கிறது.

சென்னையின் சரத் கமல் 2006இல் பொதுநலவாய விளையாட்டில் தனிநபர் தங்கம் வென்றவர். பதினாறு வருடம் கழித்து, 2022இல் பர்மிங்ஹாமில், 40 வயதில், அதே தங்கத்தை மறுபடியும் வென்றார். காக்காவிடம் இதைச் சொன்னோம். "அவரு சின்ன வயசில இருந்து விளையாடுறவரு சேர்" என்றார். உண்மைதான். ஆனாலும் அடுத்த நாள் வந்தார். பாடசாலையின் பழைய, மெல்லிய இறப்பர் ஒட்டிய பெட்டைக் கையில் கொடுத்தோம். பந்து மேசையில் நின்றது. கார்பன் பெட்டை, வலய மட்டத்தில் விளையாடும் ஒரு மாணவனுக்கு அவரே கொடுத்துவிட்டார். அவன் கையில் அது அழகாக வேலை செய்கிறது.

எதிர்வரும் வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு புதிய மேசை பற்றிப் பேச உட்காருகிறோம். பலகை, பெயின்ட், தச்சு வேலை என்று உங்களால் முடிந்த எந்த உதவியும் பெரிது. வீட்டில் பழைய பெட் சும்மா கிடந்தால் கொண்டு வாருங்கள், இறப்பர் மாற்றிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். புதிதாக வாங்க நினைப்பவர்கள், வாங்குமுன் ஒரு தடவை வந்து எங்கள் எல்லோருடைய பெட்டிலும் விளையாடிப் பாருங்கள். வெளிநாட்டில் இருக்கும் நமது பிள்ளைகள் பெட் அனுப்ப விரும்பினால், அதற்குப் பதிலாகப் பந்து அனுப்புங்கள்.

இன்ஷா அல்லாஹ், மேசையில் சந்திப்போம்.